பதினேழு அடிச் சுவர்

ஹூஸ்டனில் வேலை பார்த்த இரண்டு வருடங்களில் கால்வெஸ்டனுக்கு நாலைந்து முறை போயிருப்பேன். காரில் ஒரு மணி நேரம். பின்சீட்டில் புளியோதரை டப்பா. முதல் தடவை கூட வந்த நண்பன் இறங்கியதும் கேட்டான்: "என்னடா, பீச்சுன்னு சொல்லிட்டு மேம்பாலத்துல கொண்டுவந்து நிறுத்தியிருக்க?"

அவன் கேட்டதில் தப்பில்லை. ஊருக்கும் கடலுக்கும் நடுவே பதினேழு அடி உயரத்தில் கான்கிரீட் சுவர். அதன்மேல் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து சாப்பிட்டோம். சுவர் மட்டுமல்ல, அதற்குப் பின்னால் இருக்கிற தரையும் மனிதர்கள் கொண்டுவந்து கொட்டியதுதான் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது.

1900இல் கால்வெஸ்டன் டெக்சாஸின் பணக்கார ஊர்களில் ஒன்று. மெக்சிகோ வளைகுடாவின் ஓரமாக நீளமாகக் கிடக்கும் ஒரு மணல் தீவு, 37,000 பேருக்கு மேல் ஜனம், பருத்தி ஏற்றும் பெரிய துறைமுகம். தீவின் ஆக உயரமான இடமே கடல்மட்டத்திலிருந்து 8.7 அடிதான். அதே கடற்கரையில் தென்மேற்கே இண்டியானோலா என்று ஒரு துறைமுகம் இருந்தது. 1875இல் ஒரு புயல், 1886இல் இன்னொன்று. அதோடு அந்த ஊரையே கைவிட்டுவிட்டார்கள். அதைப் பார்த்துப் பயந்து கால்வெஸ்டனில் கடல்சுவர் கட்டுவதைப் பற்றிப் பேசினார்கள். பேச்சோடு சரி.

அந்தப் பேச்சை அடக்கியதில் ஒரு கட்டுரைக்கும் பங்கு உண்டு. எழுதியவர் ஐசக் க்ளைன், உள்ளூர் வானிலை அலுவலகத்தின் தலைவர். 1891இல் உள்ளூர்ச் செய்தித்தாளில் அவர் சொன்னதன் சாரம் இது: பெரும்புயல் கால்வெஸ்டனை அழித்துவிடும் என்பது வெறும் மனப்பிரமை, கரையோரக் கடல் ஆழமில்லாமல் மெல்லச் சரிகிறது, அதனால் அலைகள் வரும் வழியிலேயே உடைந்துபோகும்.

படிக்கும்போது நியாயமாகத்தான் படுகிறது. உண்மை நேர் எதிர். காற்று தள்ளிக்கொண்டு வரும் தண்ணீர் ஆழ்கடலில் கீழ்வழியாகத் திரும்பிப் போய்விடும். ஆழம் இல்லாத இடத்தில் அதற்குப் போக்கிடம் கிடையாது. மேலே மேலே ஏறித்தான் ஆக வேண்டும். எது காப்பாற்றும் என்று க்ளைன் நம்பினாரோ, அதுதான் ஊருக்கு எமன்.

எனக்கு அவரைத் திட்ட வாய் வரவில்லை. ஒரு டிசைன் டாக்குமெண்டில் "நடைமுறையில் இந்த நிலை வராது" என்று நானும் எழுதியிருக்கிறேன். இரவு இரண்டு மணிக்கு போன் வந்தது. என் தப்பில் ஒரு சர்வர் படுத்தது, அவ்வளவுதான்.

இந்தக் கதையில் எனக்கு ஆறாத கோபம் வேறு ஒன்றின் மேல். ஹவானாவில் பெலன் கல்லூரியின் வானிலை ஆய்வகத்தை யேசு சபைப் பாதிரியார்கள் நடத்திவந்தார்கள். பெனிதோ வின்யஸ் என்ற பாதிரியார் மேகங்களின் போக்கை வைத்தே புயலின் பாதையைக் கணிக்கும் முறையை அங்கே வளர்த்திருந்தார். 1898 போருக்குப் பிறகு கியூபா அமெரிக்க ராணுவத்தின் கையில் இருந்தது. அமெரிக்க வானிலைத் துறைத் தலைவர் வில்லிஸ் மூர், கியூபர்களின் கணிப்புகளை வீண்பீதி என்று நினைத்தவர். 1900 ஆகஸ்டு கடைசியில், ராணுவத்தின் பிடியில் இருந்த தந்திக் கம்பிகள் வழியே கியூபர்களின் வானிலைச் செய்திகள் போகாமல் தடுத்துவிட்டார்கள். சில நாளில் புயல் கியூபாவைத் தாண்டியது. அது வடக்கே திரும்பி ஃப்ளோரிடா வழியாக அட்லாண்டிக் பக்கம் போகும் என்றது வாஷிங்டன். மேற்கே வளைகுடாவுக்குள் போகும் என்றார்கள் ஹவானாக்காரர்கள்.

மேற்கேதான் போனது.

செப்டம்பர் 8, சனிக்கிழமை. காலையில் காற்று வடக்கிலிருந்து, அதாவது கடலைப் பின்னுக்குத் தள்ளும் திசையில் அடித்தது. அப்படியும் கடல் தெருவுக்குள் ஏறியது. இப்படி ஒன்றை இதற்கு முன் கண்டதில்லை என்று க்ளைன் வாஷிங்டனுக்குத் தந்தி கொடுத்தார். ஜனங்களோ அலையை வேடிக்கை பார்க்கக் கரைக்குப் போனார்கள். வடகாற்று, தீவுக்குப் பின்னால் இருந்த விரிகுடாத் தண்ணீரையும் ஊருக்குள் தள்ளியது. சாயங்காலம் காற்றுமானியே பிய்த்துக்கொண்டு போனது. பிறகு காற்று கிழக்குக்கும் தென்கிழக்குக்கும் திரும்பியபோது வளைகுடா மொத்தமாக உள்ளே வந்தது. தன் வீட்டு வாசலில் நின்றிருந்த க்ளைன், சில நொடிகளில் தண்ணீர் நாலடி ஏறியதாக எழுதியிருக்கிறார். கடைசியில் 15 அடிக்கும் மேல். ஊரின் உச்சி 8.7 அடி என்பதை மறந்துவிடாதீர்கள்.

கடலோரத்தில் செயின்ட் மேரி அனாதை இல்லம். 93 குழந்தைகள், 10 கன்னியாஸ்திரிகள். துணி காயப்போடும் கொடிக்கயிற்றை வெட்டி, ஒவ்வொரு சிஸ்டரும் குழந்தைகளைத் தன் இடுப்போடு கட்டிக்கொண்டார். மரம் ஒன்றைப் பிடித்துத் தொங்கிய மூன்று பையன்கள் மட்டும் பிழைத்தார்கள். மற்றவர்களில் சிலர் கயிற்றோடேயே கிடைத்தார்கள்.

அந்த ராத்திரி சுமார் எட்டாயிரம் பேர் செத்தார்கள். ஆறாயிரத்திலிருந்து பன்னிரண்டாயிரம் வரை கணக்குச் சொல்கிறார்கள். சரியாக எண்ண வழியே இல்லாமல் போயிற்று. பிணங்களைப் படகில் ஏற்றிக் கடலில் இறக்கினார்கள்; ஏற்றும் வேலையைத் துப்பாக்கி முனையில் கறுப்பின ஆண்களிடம் வாங்கினார்கள். பிணங்கள் கரைக்கே திரும்பி வந்தன. அப்புறம் கிடந்த இடத்திலேயே எரித்தார்கள்.

க்ளைன் வீட்டில் தஞ்சம் புகுந்தவர்கள் ஐம்பது பேர் இருக்கும். முப்பதுக்கு மேல் போய்விட்டார்கள். அவரது கர்ப்பிணி மனைவி கோராவும் போனாள். கடற்கரை நெடுக வண்டியில் போய் மக்களை எச்சரித்து ஆயிரக்கணக்கானவர்களைக் காப்பாற்றியதாக அவர் பிற்பாடு எழுதினார். எரிக் லார்சன் 1999இல் எழுதிய புத்தகத்தில் அதைச் சந்தேகிக்கிறார். எனக்கும் சந்தேகம்தான். ஆனால் அதற்குப் பிறகு அந்த மனிதர் நியூ ஆர்லியன்ஸில் இருந்துகொண்டு, புயல் எப்படிக் கடலைக் கரைக்குத் தூக்கிவருகிறது என்பதையே வருடக்கணக்காக ஆராய்ந்தார். 1926இல் அதைப் புத்தகமாகவும் போட்டார். 1891 கட்டுரைக்கு அவர் எழுதிய மறுப்பு என்று அதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஊர் என்ன செய்தது? மூன்று பொறியாளர்களைக் கூப்பிட்டது. ஒருவர் ஹென்றி ராபர்ட். கூட்டங்களை நடத்தும் விதிகளுக்கு உலகமே இன்றும் புரட்டுகிறதே, அந்தப் புத்தகத்தை எழுதிய அதே ஆள். 1904இல் சுவரின் முதல் பகுதி முடிந்தது. பிறகு ஊரைத் தூக்கினார்கள். நிஜமாகவே. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டடங்களை ஜாக்கி வைத்து உயர்த்தி, அடியில் கடல் மணலைத் தண்ணீரோடு கலந்து பம்ப் பண்ணி நிரப்பினார்கள். 3,000 டன் எடையுள்ள ஒரு தேவாலயத்துக்கு 700 ஜாக்கிகள். வருடக்கணக்கில் ஜனங்கள் பலகைப் பாதையில் நடந்து கடைக்குப் போய்வந்தார்கள். செடி, மரம் எல்லாம் உப்பு மணலுக்கு அடியில்.

1915இல் மறுபடி பெரும்புயல். சுவர் நின்றது. ஆனால் வியாபாரம் அதற்குள் உள்நாட்டுக்கு நகர ஆரம்பித்திருந்தது. முந்தைய வருடம்தான் ஹூஸ்டனுக்குக் கப்பல் கால்வாய் திறந்திருந்தார்கள். நான் அங்கே வேலைக்குப் போனதும் அந்தக் கதையின் வால்தான்.

2008இல் ஐக் புயல் வந்தபோது, சுவர் இல்லாத பின்பக்கம் வழியாக, விரிகுடாவிலிருந்து தண்ணீர் ஊருக்குள் புகுந்தது. கடைசியாகப் போனபோது பழைய கடைவீதியில் ஒரு கட்டடத்தின் சுவரில் அந்த நீர்மட்டத்தைக் குறித்திருந்ததைப் பார்த்தேன். நண்பன் பக்கத்தில் போய் நின்றான். அவனுக்குத் தலைக்கு மேல் ஒரு சாண் இருந்தது.