பத்து வெள்ளியும் தோட்டத்து நிலமும்: சுங்கை சிப்புட் தொகுதியோடு பிணைந்த இரு நிதி முயற்சிகள்

குறுநிதி என்றதும் வங்காளதேசத்தின் ஜோப்ரா கிராமத்தையும் 1976ஆம் ஆண்டையும் சுட்டுவது ஆய்வுலக வழக்கமாகிவிட்டது. மலேசியத் தமிழரைப் பொறுத்தவரை அந்தக் கதையை 1960இலிருந்து, கடனை விட்டுச் சேமிப்பிலிருந்து தொடங்க வேண்டும். அவ்வாண்டில் சுங்கை சிப்புட்டில் பிறந்தவரும் அத்தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினருமான வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். ஏழைத் தொழிலாளியின் சிறுபணம் எவ்வளவு ஈட்டியது என்பதற்கு முன்பு, அது எந்தச் சொத்தில் போய்த் தங்கியது, யாருடைய வாக்குக்குக் கட்டுப்பட்டிருந்தது என்று கேட்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

சங்கம் பிறந்த காரணம் தோட்டத் துண்டாடல். மலாயா விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் ரப்பர் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கிய இடைத்தரகர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கிக் கைமாற்றினார்கள். உங்கு அசிஸ் 1951–60 காலத்துத் துண்டாடலைப் பற்றித் தனி ஆய்வே செய்தார். துண்டு நிலம் வாங்கியவருக்குப் பெரட்டும் (காலை ஆள்கணக்கெடுப்பு) வேண்டாம், கிராணியும் (எழுத்தர்) வேண்டாம், லயமும் (தொழிலாளர் வரிசை வீடு) வேண்டாம். பால்மரம் சீவியவருக்கோ வேலை போன அன்றே வீடும் போயிற்று. வீடு தோட்டத்துக்குச் சொந்தம். பட்டா இல்லாதவருக்கு எந்த வங்கியும் கடன் தராது. செட்டியார் கடையிலும் அடகுக்கு ஏதேனும் இருந்தாக வேண்டும். தொழிலாளர் கையில் இருந்ததெல்லாம் கூலியும், லயத்துக்குள் பத்துப் பேர் சேர்ந்து பிடிக்கும் கூட்டுப் பணப் பழக்கமும்தான்.

சம்பந்தன் தோட்டம் தோட்டமாகச் சென்று பத்துப் பத்து வெள்ளியாகத் திரட்டினார். 1961இல் கெடா மாநிலத்தின் புக்கிட் சிடிம் தோட்டம், ஏறத்தாழ 3,000 ஏக்கர், சங்கத்தின் முதற்சொத்தாயிற்று. பணம் கட்டியவரின் கண்ணெதிரே நிற்கும் மரம் அந்தப் பணத்துக்குப் பிணை. அமைச்சராகவும் இருந்த சம்பந்தனே வந்து கேட்டார் என்ற நம்பிக்கையும் இதில் பெரும்பங்கு வகித்தது. அதை மறைத்துவிட்டு அமைப்பின் வலிமையை மட்டும் பாடுவது நேர்மையாகாது.

இங்கே ஒரு தடையை எதிர்கொள்ள வேண்டும். சங்கம் தோட்டத்தை முழுதாக வாங்கி முழுதாகவே நடத்தியது. 1956இல் தொடங்கிய அரசு நிலக் குடியேற்ற அமைப்பான ஃபெல்டா, குடியேற்றக்காரருக்குத் தனித்தனி நிலம் கிடைக்க வழி வகுத்தது; சங்கத்துத் தொழிலாளியோ பங்குதாரராகியும் விடியற்காலையில் பெரட்டுக்கு நிற்க வேண்டியிருந்தது. தன் தோட்டத்திலேயே கூலி! ஆயினும் மறுநடவுக்குப் பல ஆண்டு முதலீடு தேவைப்படும் பயிர் ரப்பர். மரம் பாலுக்கு வர ஐந்தாறு ஆண்டுகளாகும். சில ஏக்கர் மட்டும் வைத்திருப்பவர் அந்த இடைவெளியில் கடன்காரராவார். அன்றைய நிலையில் சம்பந்தனின் தேர்வு சரியானதே என்பது என் கணிப்பு. வீட்டு மனையையாவது தனித்துப் பிரித்துத் தந்திருக்கலாம் என்ற குறை மட்டும் நிற்கிறது.

இரண்டாவது முயற்சியும் இதே தொகுதியின் மற்றோர் உறுப்பினரோடு சேர்ந்தது. 1974 முதல் சுங்கை சிப்புட்டின் பிரதிநிதியாக இருந்த ச. சாமிவேலு ம.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) தலைவரான பின், 1982இல் கட்சியின் முதலீட்டுக் கம்பெனியான மைக்கா ஹோல்டிங்ஸ் உருவாயிற்று. ஏறத்தாழ 66,000 பேர் 106 மில்லியன் வெள்ளி கொட்டினார்கள். கடன்பட்டும் நகையை அடகு வைத்தும் போட்டவர்கள் அவர்களில் உண்டு. கூட்டுறவில் ஓர் உறுப்பினருக்கு ஒரு வாக்கு. கம்பெனியில் பங்குக்கு ஒரு வாக்கு. நூறு பங்கு வைத்திருந்தவரின் குரல் எங்கே எடுபடும்? அவர் போய்ப் பார்த்து வர ஒரு மரமும் இல்லை. 2010இல் மைக்காவை வாங்க முன்வந்த ஜி டீம் நிறுவனம் பங்குக்கு 80 சென் விலை வைத்தது. ஏறக்குறைய முப்பது ஆண்டு காத்திருந்து போட்ட ஒரு வெள்ளியே முழுதாகத் திரும்பவில்லை.

ஆனால் கூட்டுறவு என்ற பெயரே காப்பாகிவிடாது. 1986இல் மலேசியாவில் வைப்புநிதி திரட்டிய 24 கூட்டுறவுச் சங்கங்கள் முடக்கப்பட்டன. கேட்டதும் திருப்பித்தர வேண்டிய வைப்பைப் பங்குச் சந்தையிலும் கட்டட மனையிலும் போட்டதால் வந்த வினை அது. நிலநிதிச் சங்கத்தில் இருந்தது பங்கு முதல். அதுவும் விளைநிலத்தில் போடப்பட்டது. ஆகவே வாக்குரிமையையும் சொத்தின் தன்மையையும் ஒருங்கே வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

இன்றைய சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. தோட்டத்துப் பிள்ளைகள் ஈப்போவிலும் அதற்கப்பாலும் வேலைக்குப் போகிறார்கள். லயத்தில் பிடித்து வந்த கூட்டுப் பணத்தை 1971ஆம் ஆண்டுச் சட்டம் ‘கூட்டு’ என்ற தமிழ்ப் பெயராலேயே தடைசெய்தது. ஜோப்ராவில் தொடங்கிய கிராமீன் வழியைப் பின்பற்றி 1987இல் அமைந்த குறுகடன் நிறுவனமான அமானா இக்தியார், 2024இல் இந்தியப் பெண்களுக்கென்றே ‘பெண்’ திட்டத்தில் 50 மில்லியன் வெள்ளி ஒதுக்கியது. தையல் இயந்திரத்துக்கும் பலகாரக் கடைக்கும் அது உதவும். தோட்ட வீட்டைக் காலி செய்யச் சொல்லும் கடிதம் வந்த குடும்பத்துக்கு மனை வாங்கித் தரும் அளவு அதில் இல்லை. அந்த அளவுக்குப் பணம் சேர்க்கப் பல குடும்பங்களின் சேமிப்பு ஒரே சொத்தில் இணைய வேண்டும். இன்றைய குறுநிதித் திட்டங்கள் அந்த வேலையை எடுத்துக்கொள்ளவே இல்லை.