பைத்தான் நிரல்களில் மவுஸ், விசைப்பலகை நிகழ்வுகள்

பைத்தான் மொழியில் எழுதப்பட்ட சாளர நிரல் ஒன்று, பயனர் மவுஸை நகர்த்துவதையும் விசையை அழுத்துவதையும் நிகழ்வுகளாக ஏற்று, ஒவ்வொன்றுக்கும் முன்கூட்டியே பதிவு செய்யப்பட்டிருக்கும் சார்பை அழைத்துக் காரியத்தை நடத்தும். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரையில் கிரமமாக ஓடி முடிகிற நிரல்களையே எழுதிப் பழகியவர்களுக்கு, பயனரின் சித்தம் எதுவோ என்று சதா காத்திருக்கும் இத்தகைய நிரலின் சுபாவம் எளிதில் பிடிபடுவதில்லை.

அமெரிக்காவின் பெர்க்லி சர்வகலாசாலையில் ஜான் ஔஸ்டர்ஹவுட் உருவாக்கி 1991-இல் வெளியிட்ட டி.கே. என்னும் சாளரத் தொகுதியைப் பைத்தானுடன் இணைக்கும் பொருட்டு, ஸ்டீன் லும்ஹோல்ட்டும் மொழியின் கர்த்தாவான கைடோ வான் ராசமும் எழுதிய டிகின்டரே இத்துறையில் நெடுங்காலமாக நிலைத்து நிற்பது. 'பைண்ட்' என்ற கட்டளையால் ஒரு நிகழ்வைச் சார்புடன் பிணைத்துவிட்டால், மவுஸ் நின்ற ஸ்தானமும் அழுத்திய விசையின் பெயரும் அச்சார்புக்குத் தாமாகவே வந்து சேரும். மவுஸின் உருளை மாத்திரம், விண்டோஸில் தனி நிகழ்வாகவும் லினக்ஸில் 4, 5 என்னும் பொத்தான்களின் அழுத்தமாகவும் வந்தபடியால், ஒரே நிரலில் இரண்டு ஏற்பாடுகள் வேண்டியிருந்தன. அந்தப் பேதம் 2024 செப்டம்பரில் வெளிவந்த டி.கே. 9.0-இல்தான் நீங்கியது.

நம் நாட்டில் இத்தகைய நிரலுக்குத் தக்க திருஷ்டாந்தம், சென்னை ஐ.ஐ.டி.யில் விமானவியல் ஆராய்ச்சி மாணவராயிருந்த பிரபு ராமச்சந்திரன் எழுதி, 2001-இல் கட்டுரை வாயிலாக அறிமுகம் செய்த 'மாயாவி' என்னும் முப்பரிமாணக் காட்சி நிரல். முதலில் டிகின்டரின் மேல் அமைந்த அது, பிற்பாடு டபிள்யூ.எக்ஸ்.பைத்தான், கியூட்டி ஆகிய சாளரத் தொகுதிகளின் மேல் புதிதாக எழுதப்பட்டது. 2015-இல் சென்னை ஐ.ஐ.டி.யின் வழிகாட்டுதலிலேயே மற்றோர் ஐ.ஐ.டி. உதயமான திருப்பதியிலும், அண்டையிலுள்ள சித்தூரிலும் பயிலும் மாணாக்கர், இந்நிரலைத் தம் பிரதேசத்திலுள்ள சேஷாசல மலைத்தொடரைக் கொண்டே கற்கலாம் என்பது என் அபிப்பிராயம். 2000-ஆம் ஆண்டில் விண்வெளி ஓடத்திலிருந்து ரேடார் அளந்த உயரத் தரவை மேற்பரப்பாக வரைந்தபின், இடப் பொத்தானை அழுத்தி இழுத்தால் மலை சுழலும். ஷிஃப்டையும் சேர்த்து அழுத்தினால் அதே இழுப்பு மலையைப் பக்கவாட்டில் நகர்த்தும். திருமலையின் மேல் மவுஸை நிறுத்தி 'எஃப்' விசையைத் தட்டினால், பார்வையின் மையம் அவ்விடத்துக்கே மாறும்.

இதில் சூட்சுமமான அம்சம் ஒன்றுண்டு. மலையின் ஒரு புள்ளியைத் தேர்ந்தெடுப்பதற்கும் அதே இடப் பொத்தான்தான் பயன்படுகிறது. ஆகவே மாயாவி, பொத்தான் அழுந்திய கணத்தில் எந்த முடிவுக்கும் வராமல், அது விடுபடும் வரையில் பொறுத்திருந்து, இடையில் மவுஸ் நகர்ந்திருந்தால் சுழற்றல் என்றும், நகராதிருந்தால் தேர்வு என்றும் கொண்டு, தேர்வானால் மாத்திரமே பதிவு செய்யப்பட்ட சார்பை அழைக்கிறது.