பஞ்சைக் கழுவிய கதை

நீலகிரி ரயில் வெல்லிங்டனைத் தாண்டியதும் அருவங்காடு என்ற சிறிய நிலையம் வருகிறது. உதகைக்குப் போகும் உல்லாசப் பிரயாணிகள் பெரும்பாலும் அங்கே ஜன்னலுக்கு வெளியே தலை நீட்டுவதில்லை. அடுத்து வரும் கேத்திப் பள்ளத்தாக்குக்காகக் கண்களைச் சேமித்து வைத்துக்கொள்கிறார்கள். ஆனால் சரித்திரத்தில் ஆசையுள்ளவர்கள் நின்று பார்க்க வேண்டிய இடம் அது. 1904-ஆம் ஆண்டு முதல் அங்கே ஒரு வெடிமருந்துத் தொழிற்சாலை இயங்கி வருகிறது. ஊராருக்கு அது 'கார்டைட் பாக்டரி'.

வெள்ளைக்காரர்கள் சமவெளி வெயிலுக்கு அஞ்சி இந்த மலை ஏறினார்கள் என்பது நமக்குத் தெரியும். அவர்களுடைய வெடிமருந்துக்கும் வெயில் ஆகாது என்பது பலருக்குத் தெரியாது. அதற்குக் காரணம் கேட்டால், கதை பஞ்சிலிருந்து தொடங்குகிறது.

1846-இல் பாசல் நகரத்து ஆசிரியர் ஷோன்பைன், சாதாரணப் பஞ்சை நைட்ரிக் திராவகமும் கந்தகத் திராவகமும் கலந்த கலவையில் நனைத்து எடுத்துக் கழுவி உலர்த்தினார். பார்வைக்கு அது பஞ்சாகவேதான் இருந்தது. தீ பட்டால் மட்டும் புகையில்லாமல், சாம்பலில்லாமல், நொடியில் மறைந்தது. பழைய கரிமருந்துக்குக் காலம் முடிந்தது என்று ஐரோப்பா முழுவதும் பேச்சு எழுந்தது.

மறு வருஷமே இங்கிலாந்தில் பாவர்ஷாம் என்னும் ஊரில் வெடிபஞ்சு ஆலை வெடித்துப் பலர் மாண்டார்கள். ஆஸ்திரியாவில் லெங்க் என்ற ராணுவ அதிகாரி விடாமல் முயன்றார். அங்கும் கிடங்குகள் தாமாகவே வெடித்தன. 1865-இல் அந்த நாட்டார் அதைக் கைகழுவி விட்டார்கள். ஆசிரியர் மேஜையில் கைப்பிடி அளவில் சாதுவாக இருந்த வஸ்து, மூட்டை மூட்டையாகச் செய்தபோது ஏன் இப்படிப் பேயாட்டம் ஆடியது?

அதற்கு விடை கண்டவர் பிரடரிக் ஏபல் என்ற ஆங்கிலேய ரசாயனி. பஞ்சு இழை நம் கண்ணுக்கு நூல் போலத் தெரிகிறது; உண்மையில் அது நடுவே துளையுள்ள மெல்லிய குழாய். திராவகம் அந்தக் குழாய்க்குள் புகுந்து தங்கிவிடுகிறது. வெளியே எத்தனை முறை கழுவினாலும் உள்ளே இருப்பது போவதில்லை. அது இழையைச் சிறிது சிறிதாகச் சிதைக்கிறது. சிதைவு சூட்டைத் தருகிறது. சூடு சிதைவை இன்னும் விரைவாக்குகிறது. கைப்பிடிப் பஞ்சானால் அந்தச் சூடு காற்றோடு போய்விடும். கிடங்கு நிறையக் குவித்து வைத்தால் எங்கே போகும்? ஈரத்தோடு போட்ட வைக்கோற்போர் உள்ளுக்குள்ளேயே வெந்து ஒரு நாள் தீப்பற்றுவதைக் கிராமத்தில் பிறந்தவர்கள் அறிவார்கள். அதே கதைதான்.

ஏபல் செய்த பரிகாரம் மிக எளியது. 1865-இல், காகித ஆலைகளில் கந்தையை அரைக்கும் இயந்திரத்தில் வெடிபஞ்சைத் தண்ணீரோடு போட்டுக் கூழாக அரைத்தார். குழாய்கள் துண்டு துண்டாயின. திராவகத்துக்கு ஒளிய இடமில்லாமல் போயிற்று. பிறகு கழுவியது பலித்ததா என்று அறிய ஒரு சோதனையும் ஏற்படுத்தினார். சிறிதளவு பஞ்சைக் குழாயிலிட்டுச் சூடாக்கி, மேலே அயோடைடும் கஞ்சியும் தோய்ந்த காகிதத்தைத் தொங்கவிட வேண்டும். காகிதத்தில் பழுப்புக் கறை தோன்ற எத்தனை நிமிஷம் ஆகிறதோ, அதுவே பஞ்சின் யோக்கியதைக்கு அளவு.

1889-இல் ஏபலும் ஜேம்ஸ் டியூவரும் சேர்ந்து கார்டைட்டை உண்டாக்கினார்கள். நூற்றுக்கு 58 பங்கு நைட்ரோகிளிசரின், 37 பங்கு வெடிபஞ்சு, 5 பங்கு வாசலின்; இவற்றை அசிட்டோனில் பிசைந்து, இடியாப்பம் போலக் கயிறு கயிறாகப் பிழிந்தார்கள். கயிறு என்ற பொருளுள்ள ஆங்கிலச் சொல்லே அதற்குப் பெயராயிற்று. வாசலினைச் சேர்த்தது துப்பாக்கிக் குழாயைக் காக்கத்தான். அதுவோ, சிதைவில் பிறக்கும் நச்சை உறிஞ்சி மருந்தின் ஆயுளை நீட்டுகிற வேலையைச் செய்தது என்று பின்னால் தெரியவந்தது. ஆனாலும் குழாய்கள் அரித்துப்போயின. ஆகவே 1901-இல் நைட்ரோகிளிசரினை 30 பங்காகக் குறைத்து வெடிபஞ்சை 65 பங்காக உயர்த்தினார்கள். பஞ்சின் பங்கு ஏறினால் கழுவுகிற வேலையும் ஏறும் அல்லவா?

அருவங்காடு பிறந்தது இந்தக் காலத்தில்தான். குளிர்ந்த காற்று, மலைநீர், மேட்டுப்பாளையத்திலிருந்து 1899-இலேயே குன்னூர் வரை வந்துவிட்ட ரயில், காட்டேரி அருவியிலிருந்து எடுத்த மின்சாரம் எல்லாம் அதற்குக் கிடைத்தன. ஆலைக்கு 2021-இல் நிர்வாகம் மாறியது. இப்போது அது முனிஷன்ஸ் இந்தியா என்ற அரசாங்கக் கம்பெனியைச் சேர்ந்தது.

இந்தப் பழங்கதையை இப்போது சொல்லக் காரணம் உண்டு. 2025-இல் ரசாயனத்துக்கான நோபல் பரிசு கிடகாவா, ராப்சன், யாகி என்ற மூவருக்குக் கிடைத்தது. உலோக அணுக்களை முளைகளாகவும் கரிமச் சேர்மங்களைக் கழிகளாகவும் வைத்துப் பந்தல் கட்டுவது போல, உள்ளெல்லாம் துளையான படிகங்களைச் செய்ய வழிகாட்டியவர்கள் அவர்கள். அத்தகைய தூள் சிலவற்றில் ஒரு கிராமின் உட்பரப்பை விரித்தால் கால்பந்து மைதானம் அளவுக்கு வருமாம். பாலைவனக் காற்றிலிருந்து தண்ணீர் எடுக்கலாம். புகைபோக்கியிலிருந்து கரியமில வாயுவைப் பிடிக்கலாம். பஞ்சைத் திராவகத்தால் மாற்றியதுபோல, துளையின் உட்சுவரில் வேறு அணுக்கூட்டங்களைப் பொருத்தி அதன் குணத்தையும் மாற்றலாம்.

நான் ரசாயனம் கற்றவன் அல்ல. ஆயினும் அதைப் பற்றிப் படித்தபோது பழைய சங்கடம் ஒன்று அங்கேயும் நிற்பதைக் கண்டேன். படிகம் எந்தத் திரவத்தில் விளைந்ததோ அந்தத் திரவமே துளைகளில் அடைத்துக்கொள்கிறது. பந்தல் சரிந்துவிடாமல் அதை வெளியேற்ற வேண்டும். குப்பியில் முடிகிற காரியம், டன் கணக்கில் செய்யும்போது காலமும் பணமும் பொறுமையும் கேட்கிறது. இது வெடிக்கும் பண்டமல்ல. சரியாகத் துப்புரவாக்காவிட்டால் பயன்படாது, அவ்வளவுதான்.

வெடிபஞ்சுக்கு அந்த மன்னிப்பு இல்லை. ஷோன்பைன் கண்டுபிடித்ததற்கும் ஏபல் கழுவக் கற்றுக்கொடுத்ததற்கும் நடுவே ஏறக்குறைய இருபது வருஷம். அந்த இருபது வருஷத்தில் செத்தவர்கள் ஆலைக் கூலிகளும் கிடங்குக் காவலர்களுமே. புதிய பண்டம் எதுவானாலும், 'செய்து காட்டிவிட்டோம்' என்று யாராவது சொன்னால், எவ்வளவு செய்தீர்கள், எப்படிக் கழுவினீர்கள், பக்கத்தில் நின்றவன் யார் என்று கேட்க எனக்குத் தோன்றுகிறது.