காளான் வித்தும் கடுங்குளிரும்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் கொட்டகை போட்டுக் காளான் வளர்க்கிறவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. நெல்லென்றால் அடுத்த பட்டத்துக்கு விதை எடுத்து மூட்டை கட்டி வைத்துவிடலாம். காளானுக்கு வித்துப் புட்டி வாங்கித்தான் ஆகவேண்டும். அந்தப் புட்டிக்கு ஒரு தாய் வித்து. அதற்கும் முந்தி, ஆய்வுக்கூடத்துக் கண்ணாடிக் குழாயில் வளரும் வெள்ளை நூல். அதுதான் மூலம்.

மூலத்தைக் காக்கப் பழைய வழி, அவ்வப்போது கொஞ்சம் கிள்ளிப் புதுக் குழாயில் நடுவது. இப்படி நட்டுக்கொண்டே போனால் சில மூலங்கள் களைத்துவிடும். வைக்கோலில் வெள்ளையாகப் படரும், காளான் மட்டும் சரியாக வராது. நாமோ வைக்கோலைத் திட்டுவோம், தண்ணீரைத் திட்டுவோம். குற்றம் குழாயிலும் இருக்கலாமே!

இதற்கு வழி பிறந்தது சேவலிடமிருந்து என்றால் சிரிப்பீர்கள். லண்டனில் போல்ஜ், ஸ்மித், பார்க்ஸ் என்ற மூவர் சேவல் விந்தை உறையவைத்துப் பிழைக்கவைக்கப் பார்த்தார்கள். பழச்சர்க்கரைக் கரைசல் என்று நினைத்து எடுத்த புட்டியில் இருந்தது கிளிசரின். சீட்டு மாறிப்போச்சு, விந்து பிழைத்துக்கொண்டது! 1949-ல் அதை வெளியிட்டார்கள். சும்மா உறையவைத்தால் பனிக்கட்டி ஊசி ஊசியாக முளைத்து உயிரணுவைக் கிழித்துவிடும். கிளிசரின் அதைத் தடுக்கிறது. உங்கள் மாட்டுக்குச் சினை ஊசி போட வருகிறவர் புகை கக்கும் கேனைத் திறந்து குச்சி எடுக்கிறாரே, அந்த உறைவிந்தும் இந்த வழியில் வந்ததுதான்.

1960-ல் அமெரிக்காவில் ஹ்வாங் என்பவர் பூசணங்களைக் கடுங்குளிரில் வைத்துப் பார்த்த முடிவை வெளியிட்டார். காளானும் பூசண இனந்தானே. நூல் படர்ந்த சிறு துண்டைச் சுமார் 10 சத கிளிசரினில் போட்டு, நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் மெதுவாகக் குளிரவைத்து, பிறகு திரவ நைட்ரஜனுக்கு மாற்றுகிறார்கள். அங்கே குளிர் மைனஸ் 196 டிகிரி. நூல் வளராது, களைக்காது. ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும். எடுக்கும்போது மட்டும் வெதுவெதுப்பான நீரில் சட்டென்று உருக்க வேண்டும். நைட்ரஜன் ஆவியாகிக்கொண்டே இருக்கும், ஊற்ற மறந்தால் எல்லாம் போச்சு.

நம் நாட்டில் இமாசலப் பிரதேசத்துச் சோலனில் 1983-ல் காளான் ஆராய்ச்சிக்கென்றே ஒரு மத்திய நிலையம் தொடங்கினார்கள். உண்ணும் காளான், மருந்துக் காளான் இரண்டின் மூலங்களும் அங்கே சேர்த்துக் காக்கப்படுகின்றன.

நம் தமிழ்நாட்டுக் கதை அதற்கும் மூத்தது. 1940-களின் தொடக்கத்திலேயே கோயம்புத்தூரில் கே.எம். தாமஸும் உடன் பணியாற்றியவர்களும் வைக்கோல் காளானை வளர்த்துக் காட்டிவிட்டார்கள். நம் வெயிலுக்கு ஏற்ற காளான் அது. ஆனால் பாருங்கள், அதற்குக் குளிர்ப்பெட்டி ஆகாது! மற்ற மூலங்களை 4 டிகிரியில் வைப்பதுபோல இதையும் வைத்தால் நூல் செத்துவிடும். 15 டிகிரி அளவில்தான் வைக்க வேண்டும். பறித்த காளானும் குளிர்ப்பெட்டியில் நீர்விட்டுக் குழைந்துபோகும். ஆகவே வைக்கோல் காளான் வித்து வாங்கினால் ஐஸ் பெட்டியில் வைத்துவிடாதீர்கள். கொடுக்கிறவரிடமும், மூலத்தை எங்கிருந்து வாங்கினீர்கள், எத்தனை முறை மாற்றி நட்டீர்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.