சந்தன மரமும் கமண்டல ஆறும்

சந்தவாசல்ல பஸ்ஸை விட்டு இறங்கி படவேடு ரோட்டுல போனா, ஜவ்வாது மலை கண்ணுக்கு நேரா நிக்கும். அங்கிருந்து இறங்கி வர்றதுதான் கமண்டல நாகநதி. ஜமதக்னி முனிவரோட கமண்டலத் தண்ணிதான் ஆறாச்சுன்னு ஊர்ல ஒரு கதை உண்டு. கோடையில நான் போனப்போ ஒரு கமண்டலம் நிறையக்கூட தண்ணி இல்ல. பாறையும் மணலும்தான்.

ஏன் இப்படி ஆச்சுன்னு கேட்டா போர்வெல், மணல் அள்ளுறது, மழைன்னு பல பதில் வரும். இன்னைக்கு மலைமேல நடந்த ஒரு கதையை மட்டும் பார்ப்போம். சந்தன மரத்தோட கதை.

1792-ல திப்பு சுல்தான் மைசூர்ல சந்தனத்தை அரசாங்கச் சொத்துன்னு அறிவிச்சார். அதே வருஷம் போர்ல தோத்து, ஜவ்வாது மலைக்கு மேற்கே இருக்கற பாராமகாலை கம்பெனிக்குக் கொடுத்தார். ஆட்சி மாறினாலும் அந்த எண்ணம் மாறலை. தமிழ்நாட்டுல உங்க பட்டா நிலத்துல தானா முளைச்ச சந்தன மரம்கூட அரசாங்கத்தோடதுதான். 2002-லதான் அந்த உரிமை நிலத்துக்காரருக்கு வந்துச்சு. தனக்குச் சொந்தமில்லாத, வம்பு மட்டும் கொண்டுவர்ற மரத்தை யார் வளர்ப்பாங்க?

சந்தனம் தனியா வளராது. பக்கத்து மரங்களோட வேர்லருந்து உறிஞ்சித்தான் வாழும். அதனால அது இருக்கணும்னா சுத்தி காடும் இருக்கணும். வேர்லயும் எண்ணெய் இருக்கறதால, திருடறவங்க மரத்தை அறுக்கறதோட நிறுத்த மாட்டாங்க, தோண்டியே எடுப்பாங்க. சரிவுல விழுந்த ஒவ்வொரு குழியும் அடுத்த மழையில மண்ணை ஆத்துக்கு அனுப்பும். மண் போன மலை தண்ணியைப் பிடிச்சு வைக்காது. பெஞ்ச அன்னிக்கு வெள்ளம், கொஞ்ச நாள்ல வறட்சி.

மலையில சந்தனம் அருகிப்போச்சு, வேலையும் இல்ல. 2015 ஏப்ரல் 7-ல ஆந்திராவோட சேஷாசலம் காட்டுல செம்மரம் வெட்டப் போனாங்கன்னு போலீஸ் சுட்டதுல 20 பேர் செத்தாங்க. அதுல ஜவ்வாது மலைக்காரங்களும் அடிவாரத்து ஊர்க்காரங்களும் இருந்தாங்க. ஒரு மலையில காடு தேய்ஞ்சா, அங்க இருக்கறவங்க பொழைப்புக்கு எவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கு பாருங்க.

கமண்டல நாகநதி செய்யாறோட சேருது. செய்யாறு காஞ்சிபுரத்துக்குக் கிழக்கே திருமுக்கூடல்ல பாலாறோட சேருது. அடுத்த தடவை பாலாத்துப் பாலத்தைத் தாண்டும்போது, கீழே மணலைப் பார்த்துட்டு போயிடாதீங்க. மேல மலையையும் கேளுங்க. அங்க இன்னும் காடு இருக்கு. அதைக் காப்பாத்தணும்னா, அதுக்குள்ள வாழறவங்களுக்கும் அதுல பங்கு இருக்கணும். 200 வருஷ சட்டம் மறந்தது அதைத்தான்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.