ஒரு டன் பிளாஸ்டிக்கும் ஒரு துண்டுச் சீட்டும்

இந்த முறை கொஞ்சம் குப்பையைக் கிளறலாம் என்று இருக்கிறேன். வரலாறுதான், ஆனால் ராஜாக்கள் வராத வரலாறு.

பக்கத்தில் தண்ணீர் பாட்டில் இருந்தால் கவிழ்த்துப் பாருங்கள். முக்கோணமாக ஒன்றையொன்று துரத்தும் அம்புகள், நடுவில் 1 என்ற எண் இருக்கும். 'இது மறுசுழற்சிக்குப் போகும்' என்றுதான் நம்மில் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். 1988இல் அமெரிக்க பிளாஸ்டிக் தொழில்துறைச் சங்கம் கொண்டுவந்த குறி அது. பிளாஸ்டிக்கின் வகையை மட்டும்தான் அது சொல்கிறது. 1 என்றால் பெட், 3 என்றால் பிவிசி, 6 என்றால் பாலிஸ்டைரீன். இந்தப் பொருளை யாராவது உருக்கி மறுபடி பயன்படுத்துவார்களா என்பது பற்றி அதில் ஒரு வார்த்தைகூட இல்லை. ஜனங்கள் குழம்புகிறார்கள் என்று 2013இல் அம்புகளை எடுத்துவிட்டு வெறும் முக்கோணமாக மாற்றினார்கள். அதற்குள் 25 வருடம் ஓடிவிட்டது!

சரி, குறியை விடுங்கள். வணிகவியல் மாணவனான எனக்குச் சுவாரசியமாகப் பட்டது கணக்குப் புத்தகம்தான். அதற்கு பிரிட்டனுக்குப் போக வேண்டும்.

1997இல் அங்கே ஒரு சட்டம் வந்தது. பாட்டில், டப்பா, உறை என்று பொதி செய்து விற்கிற கம்பெனிகள், அதில் இத்தனை பங்கு மறுசுழற்சி ஆனதற்கு ஆதாரம் காட்ட வேண்டும். அதற்காக அவர்களே ஆலை வைக்கத் தேவையில்லை. மறுசுழற்சி செய்பவர் ஒரு டன்னுக்கு ஒரு சீட்டு கொடுப்பார், கம்பெனி அதைக் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளும். இதுவரை நியாயமான ஏற்பாடுதான். ஆனால் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்பவரும் அதேபோலச் சீட்டு கொடுக்கலாம் என்று வைத்தார்கள். பாட்டில் உருகுவது ஆயிரக்கணக்கான மைல் தாண்டி, வேறொரு நாட்டில். சீட்டு எழுதுவதோ இங்கே, கப்பல் கிளம்பும்போதே.

சரக்கை அனுப்பியதற்கும் வேலை முடிந்ததற்கும் உள்ள வித்தியாசம் பி.காம். முதல் வருடப் பையனுக்குக்கூடத் தெரியும். ஒரு நாட்டின் கணக்கில் இரண்டும் ஒன்றாகிவிட்டது. தன் வீட்டில் டப்பாவைக் கழுவித் தனித் தொட்டியில் போட்ட மனிதருக்கு இது எதுவும் தெரியாது. அவருக்குக் கிடைத்தது ஒரு சதவீதக் கணக்கு மட்டும்தான்.

2018இல் பிரிட்டனின் தேசியத் தணிக்கை அலுவலகம் இதைப் புரட்டிப் பார்த்தது. 2002க்குப் பிறகு ஏற்றுமதியான பொதிக்கழிவு ஆறு மடங்கு கூடியிருந்தது. உள்நாட்டில் மறுசுழற்சி ஆன அளவோ இருந்த இடத்திலேயே இருந்தது. 'மறுசுழற்சி' என்று கணக்கில் காட்டியதில் சுமார் பாதி, உண்மையில் வெளிநாடு போனது. போன இடத்தில் எவ்வளவு உருகியது, எவ்வளவு எரிந்தது என்று உறுதியாகச் சொல்ல ஆளில்லை.

போன இடம் பெரும்பாலும் சீனா. சரக்கு கொண்டுவந்த சீனக் கப்பல்கள் காலியாகத் திரும்பாமல் குப்பையை ஏற்றிக்கொண்டு போயின, அதனால் கூலியும் மலிவு. 1992லிருந்து உலகில் இறக்குமதியான பிளாஸ்டிக் கழிவில் சுமார் 45 சதவீதம் சீனாவுக்குத்தான் போனது. 2018 தொடக்கத்திலிருந்து அவர்கள் வீட்டு பிளாஸ்டிக் கழிவுக்குக் கதவைச் சாத்தினார்கள். உடனே கப்பல்கள் மலேசியா, வியட்நாம், துருக்கி என்று திரும்பின. மலேசியாவின் ஜென்ஜாரோம் என்ற சின்ன ஊரில் அனுமதியில்லாத பட்டறைகள் முளைத்து, ஊரே பிளாஸ்டிக் புகையை மூச்சாக இழுக்க வேண்டியதாயிற்று. 2019 மே மாதம் மலேசிய அமைச்சர் யோ பீ யின், துறைமுகத்தில் கன்டெய்னர்களைத் திறந்து பத்திரிகைக்காரர்களுக்குக் காட்டினார். பணக்கார நாட்டுச் சமையலறைகளின் குப்பை அழுக்கோடு கிடந்தது. எத்தனையோ வருடமாகப் புத்தகத்தில் நேராக இருந்த கணக்கை அன்றைக்குத்தான் உலகம் கண்ணால் பார்த்தது.

ஐரோப்பிய ஒன்றியம் ஒரு நல்ல காரியம் செய்தது. சேகரித்ததை எண்ணாதே, தரம் பிரித்துக் கழித்தது போக, மறுசுழற்சி வேலைக்குள் உண்மையில் நுழைவதை எண்ணு என்று 2020ஆம் ஆண்டுக் கணக்கிலிருந்து விதியை இறுக்கியது. பிளாஸ்டிக் பொதிகளின் மறுசுழற்சி விகிதம் 2019இல் 41 சதவீதம், 2020இல் 38. தொழில் திடீரென்று நொடித்துப்போகவில்லை. தராசை வேறு இடத்தில் வைத்தார்கள், முக்கியக் காரணம் அதுதான். எண் குறைந்ததை நான் முன்னேற்றம் என்றே சொல்வேன். :-)

நாமும் அதே சீட்டு முறைக்குள் வந்துவிட்டோம். 2022இல் வந்த விதிகளின்படி இந்தியாவிலும் உற்பத்தியாளர்கள் மறுசுழற்சியாளர்களிடம் சான்றிதழ் வாங்கிக் கடமையைக் கழிக்கலாம். அடுத்த வருடமே மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தணிக்கையில் சுமார் 6 லட்சம் சான்றிதழ்கள் போலி என்று தெரிந்தது. கவனியுங்கள், போலி பிளாஸ்டிக் இல்லை, போலிக் காகிதம். பிளாஸ்டிக் வராமலே 'உருக்கியாச்சு' என்று எழுதிவிட்டார்கள். கண்டுபிடித்தார்களே என்பது வரைக்கும் சந்தோஷம்.

நம் தெருவுக்கு வரும் பழைய பேப்பர்காரர் பாட்டிலை எடை போட்டுக் கையில் காசு கொடுத்துவிட்டுப் போகிறார். எந்தக் கடையில் கொடுப்பீர்கள், எதைத் தூக்கிப் போட்டுவிடுவீர்கள் என்று கேட்டால் நின்று பதில் சொல்வார். பிஸ்கட் உறையை ஏன் தொட மாட்டேன் என்பதற்கும் காரணம் சொல்வார். சான்றிதழில் அவருக்கு ஒரு வரிகூட இல்லை.