மழைக்கு நிற்கும் பைக், அசையாத மீற்றர்: பிளக் வயரும் வேகச் சென்சரும்

வடக்கிலும் கிழக்கிலும் உள்கிராமங்களில் மோட்டார் சைக்கிள் ஆடம்பரப் பொருள் அல்ல. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடுவதும் விடியற்காலையில் மீன்பெட்டி கட்டுவதும் தோட்டத்து மரக்கறியைச் சந்தைக்குக் கொண்டுபோவதும் இரவில் நோயாளியை வைத்தியசாலைக்கு ஏற்றுவதும் அதே ஒரு வண்டியில்தான். பெண் தலைமைத்துவக் குடும்பங்கள் பலவற்றில் வீட்டில் இருக்கும் ஒரே வாகனமும் அதுதான். அது ஒரு நாள் நின்றால் அன்றைய வருமானமும் நிற்கும்.

இந்த வண்டிகளில் பெரும்பாலானவை வயது போனவை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு மீண்டும் திறக்கப்பட்டது 2025 தொடக்கத்தில்தான். அந்த ஐந்து வருட இடைவெளியில் பழைய வண்டிகளின் விலை ஏறியது. பழுதானால் மாற்று வண்டி என்ற யோசனைக்கே இடமிருக்கவில்லை. வயது போன வண்டியில் எஞ்சினுக்கு முன்னர் றப்பரும் வயரும்தான் உக்கும். அப்படி உக்கிப்போகும் இரண்டு சிறிய பாகங்களைப் பற்றியது இந்தக் கட்டுரை: ஒன்று பிளக் வயர், மற்றது வேகத்தை அறியும் சென்சர்.

இவற்றைத் தனியாக எடுத்து எழுதுவதற்குக் காரணம் உண்டு. இரண்டும் மலிவான பாகங்கள். ஆனால் பழுதைச் சரியான வரிசையில் தேடாவிட்டால், இவற்றின் பெயரால் விலை கூடிய பாகங்களை மாற்ற நேரிடும். பிளக் வயரில் வெடிப்பு இருக்க, காபரேற்றர் கழற்றப்படும், பிறகு கொயில், பிறகு சி.டி.ஐ. பெட்டி மாற்றப்படும். சென்சர் வயர் அறுந்திருக்க, முழு மீற்றருக்கும் விலை சொல்லப்படும். கராஜ் வாசல்களில் இதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். எல்லா இடத்திலும் அது ஏமாற்று வேலை அல்ல. சோதித்துப் பார்க்க நேரம் எடுக்காமல் ஊகத்தில் பாகம் மாற்றுகிறார்கள். காசு கொடுப்பது மட்டும் நாங்கள்.

தடைக்காலம் கற்றுத்தந்தது

1990களில் பொருளாதாரத் தடைக்குள் இருந்த பகுதிகளில் பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடியதை எங்கள் பெற்றோர் நன்றாக அறிவார்கள். காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் செய்து, சூடு ஏறியதும் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். மண்ணெண்ணெய் சரியாக எரியாததால் பிளக்கில் கரி பிடிக்கும். அதனால் பிளக்கைக் கழற்றுவதும் துடைப்பதும் இடைவெளி பார்ப்பதும் மெக்கானிக்குகளுக்கு மட்டும் தெரிந்த வேலையாக இருக்கவில்லை. பைக் ஓட்டிய எல்லோருக்கும் அது தெரிந்திருந்தது.

அந்தப் பழக்கம் இன்றும் மிச்சம் இருக்கிறது. பைக் ஸ்ரார்ட் ஆகாவிட்டால் முதலில் பிளக்கைக் கழற்றுகிறோம். பிளக்குக்குப் பின்னால் இருக்கும் வயரையும் கப்பையும்தான் யாரும் பார்ப்பதில்லை.

பிளக் வயர் செய்யும் வேலை

கொயிலில் உருவாகும் மின்னழுத்தம் பத்தாயிரம் வோல்ற்றையும் தாண்டும். அதை பிளக் வரை கொண்டுபோவது அந்தத் தடித்த கறுப்பு வயர். உள்ளே செப்புக் கம்பி இழைகள், வெளியே தடித்த றப்பர் அல்லது சிலிக்கன் உறை. நுனியில் பிளக்கைக் கவ்வும் கப். பெரும்பாலான கப்புகளுக்குள் ஏறத்தாழ 5,000 ஓம் மின்தடை ஒன்று இருக்கும்.

மின்சாரம் எப்போதும் இலகுவான வழியைத் தேடும். உறையில் வெடிப்பு வந்து அதில் ஈரம் பட்டால், பிளக்கின் இடைவெளியைத் தாண்டுவதை விடப் பக்கத்தில் இருக்கும் சேசிஸுக்குப் பாய்வது அதற்குச் சுலபம். பொறி பிளக்குக்குப் போய்ச் சேராது. எங்கள் கரையோரங்களில் உப்புக்காற்று இந்தச் சிக்கலைக் கூட்டுகிறது. மீன்பெட்டி கட்டும் வண்டிகளில் உப்புத்தண்ணீரே வழியும். கப்புக்குள் இருக்கும் உலோகம் பச்சை பிடிக்கும். வெயிலும் எஞ்சின் சூடும் உறையைக் காயவைத்து வெடிக்கச் செய்யும். சில வீடுகளில் எலி கடித்த வயரும் உண்டு.

பின்வரும் அறிகுறிகள் தெரிந்தால் வயரையும் கப்பையும் சந்தேகிக்கலாம்:

– மழையில் அல்லது பைக் கழுவிய பிறகு இழுத்து இழுத்து ஓடுதல், நின்றுவிடுதல், காய்ந்ததும் சரியாகிவிடுதல்.
– பனிக்காலை வேளைகளில் பல தடவை கிக்கரை உதைக்க வேண்டியிருத்தல்.
– பாரம் ஏற்றிய நேரத்தில் அல்லது வேகம் கூட்டும்போது எஞ்சின் இடையிடையே தவறுதல்.
– சைலன்சரில் வெடிச்சத்தம்.
– காரணம் தெரியாமல் பெற்றோல் கூடக் குடித்தல்.

இரண்டு பிளக் உள்ள வண்டிகளில் ஒரு விசேடம் உண்டு. பஜாஜ் பல்சர், டிஸ்கவர் வகைகளில் டிடிஎஸ்-ஐ எஞ்சின் உள்ளவை ஒரே சிலிண்டரில் இரண்டு பிளக்குகளோடு வருகின்றன. ஒரு பிளக்கின் வயர் செத்தாலும் மற்றதில் பைக் ஓடும். இழுவை குறையும், பெற்றோல் கூடப் போகும், ஆனால் நிற்காது. அதனால் மாதக்கணக்கில் பழுது தெரியாமலே ஓடுவோரும் உண்டு.

சோதிக்கும் வரிசை

முதலில் கண்ணால் பாருங்கள். வயரை மெதுவாக வளைத்தால் நுண்ணிய வெடிப்புகள் தெரியும். ராங்கிக்குக் கீழே சேசிஸில் உரசும் இடத்தையும் பாருங்கள்.

இரண்டாவது, இருட்டுச் சோதனை. இரவில், திறந்த வெளியில், பெற்றோல் ஒழுக்கு இல்லை என்பதை உறுதிசெய்துவிட்டு எஞ்சினை மெதுவாக ஓடவிடுங்கள். ஸ்பிறே போத்தலால் வயரில் மெல்லிய தண்ணீர்த் தூறல் அடியுங்கள். நீலப் பொறி வெளியே பாய்ந்தாலோ எஞ்சின் தடுமாறினாலோ பழுது அங்கேதான். வயரைக் கையால் தொடக் கூடாது. இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் இந்தச் சோதனைக்குப் பக்கத்திலேயே நிற்கக் கூடாது.

மூன்றாவது, மல்ரிமீற்றர். சாவியை நிறுத்தி, கப்பை வயரிலிருந்து திருகிக் கழற்றி, அதன் இரு முனைகளையும் அளந்து பாருங்கள். மின்தடை உள்ள கப் பெரும்பாலும் 5 கிலோ ஓம் அளவில் காட்டும். எதுவுமே காட்டாவிட்டால் உள்ளே தொடர்பு அறுந்துவிட்டது. கப்பை மட்டும் மாற்றினால் போதும்.

நான்காவதுதான் பொறிச் சோதனை. பிளக்கைக் கழற்றி, கப்பில் போட்டு, அதன் உலோக உடல் எஞ்சினைத் தொடும்படி வைத்துக் கிக்கரை உதைத்தால் நீல நிறத்தில் கூர்மையான பொறி வரவேண்டும். மஞ்சளாகச் சோர்ந்து வந்தால் பலவீனம். பிளக் இருந்த துவாரத்தால் பெற்றோல் ஆவி வெளியேறும். அதனால் பிளக்கை அந்தத் துவாரத்துக்குத் தள்ளி வையுங்கள். பிளக்கை எஞ்சினில் தொடவைக்காமல் உதைக்க வேண்டாம். போக வழியில்லாத மின்னழுத்தம் கொயிலையும் சி.டி.ஐ.யையும் பழுதாக்கக்கூடும்.

வயர் மாற்றுதல்

ராங்கியைக் கழற்றினால் பெரும்பாலான வண்டிகளில் கொயில் தெரியும். வயர் கொயிலோடு எப்படிச் சேர்ந்திருக்கிறது என்று பாருங்கள். திருகி அல்லது நட்டால் இறுக்கிய வகையென்றால் வயரை மட்டும் மாற்றலாம். வயரும் கொயிலும் ஒன்றாக வார்க்கப்பட்டிருந்தால் வயரைப் பிடுங்க முயல வேண்டாம், கொயில் கெட்டுவிடும்.

வார்க்கப்பட்ட வயரிலும் ஒரு வழி இருக்கிறது. பழுது பெரும்பாலும் கப்போடு சேரும் நுனியில்தான். கப்பைக் கழற்றி, கறுத்துப்போன நுனியிலிருந்து அரை சென்ரிமீற்றர் அளவு நேராக வெட்டுங்கள். செப்பு பளபளப்பாகத் தெரியவேண்டும். பிறகு கப்பின் உள்ளே இருக்கும் கூர் அந்தச் செப்பு இழைகளின் நடுவில் இறங்கும்படி வலஞ்சுழியாகத் திருகி இறுக்குங்கள். பல வண்டிகளில் ‘வயர் பழுது’ என்பது இதோடு முடிந்துவிடும். வயரின் நடுப்பகுதியில் வெடிப்பு இருந்தால் ரேப் சுற்றி நாள் கடத்த வேண்டாம். அந்த மின்னழுத்தத்துக்குச் சாதாரண ரேப் தாங்காது.

புது வயர் வாங்கும்போது செப்பு இழை உள்ளதாகக் கேளுங்கள். கார்களுக்கான சில வயர்களுக்குள் காபன் நூல் இருக்கும். திருகும் வகைக் கப்பின் கூர் அதில் சரியாகப் பிடிக்காது. பழைய வயரின் அதே நீளத்தில் வெட்டி, எஞ்சினையும் சைலன்சரையும் தொடாமல் பழைய பாதையிலேயே கொண்டுபோங்கள். ஹாண்டிலை இரு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பார்த்து, வயர் இழுபடவில்லை என்று உறுதிசெய்யுங்கள். கப்பின் றப்பர் வாய் பிளக்கில் இறுக்கமாக உட்காரவேண்டும், தண்ணீர் புகும் வழி அதுதான்.

கப்பும் மீற்றரும்

கடையில் விலை குறைந்தது என்று மின்தடை இல்லாத கப்பை வாங்கிப் போட்டால் பைக் ஓடும். ஆனால் ஒவ்வொரு பொறியும் ஒரு சிறிய வானொலி அலையை வெளியிடுகிறது. அதை அடக்குவதற்குத்தான் அந்த மின்தடை. பழைய கேபிள் மீற்றருக்கு இதனால் பாதிப்பு இல்லை. டிஜிட்டல் மீற்றரிலோ எண்கள் தாறுமாறாகப் பாயலாம், வேகம் பொய்யாகக் காட்டலாம். பிளக் அல்லது கப் மாற்றிய கையோடு மீற்றர் குழம்பத் தொடங்கினால், சென்சரில் கை வைக்கமுன் கப்பைப் பாருங்கள்.

வேக மீற்றர் ஏன் முக்கியம்

‘மீற்றர் இல்லாவிட்டால் என்ன, பைக் ஓடுதுதானே’ என்பது வழக்கமான பேச்சு. மீற்றர் வேகத்தை மட்டும் காட்டுவதில்லை, தூரத்தையும் எண்ணுகிறது. எஞ்சின் ஒயில் எப்போது மாற்றுவது, ஒரு லீற்றரில் எத்தனை கிலோமீற்றர் ஓடுகிறது என்பதெல்லாம் அந்த எண்ணிலிருந்துதான் தெரியும். 2022 ஜூலையில் கியூ.ஆர். முறையில் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்று அளந்து தந்தபோது, அந்தக் கணக்குத் தெரிந்தவர்களால்தான் கிழமையைத் திட்டமிட முடிந்தது.

பழைய வண்டி வாங்குவோருக்கு இது இன்னும் முக்கியம். சென்சரின் கனெக்ரரைக் கழற்றிவிட்டால் பைக் ஓடும், தூரம் ஏறாது. லீசிங் கட்டி வாங்கும் வண்டியில் மீற்றர் குறைந்த தூரம் காட்டினால் அதை மட்டும் நம்ப வேண்டாம். கால்மிதி றப்பர், பிரேக் பெடல், கியர் லீவர் ஆகியவற்றின் தேய்மானம் வேறு கதை சொல்லும். மீற்றரை மாற்ற வேண்டி வந்தால், பழைய மீற்றரில் இருந்த தூரத்தையும் திகதியையும் பற்றுச்சீட்டில் எழுதி வாங்கி வைத்திருங்கள்.

சென்சரைத் தேடும் வரிசை

முதலில் உங்கள் வண்டி எந்த வகை என்று பாருங்கள். முன் சில்லிலிருந்து தடித்த கேபிள் மேலே போனால் அது பழைய பொறிமுறை வகை. மெல்லிய மின்வயர் போனால் சென்சர் வகை. சில வண்டிகளில் சென்சர் எஞ்சின் பக்கத்தில், முன் ஸ்புறொக்கற் மூடிக்கு அருகில் இருக்கும்.

கேபிள் வகையில் கீழ் நுனியைக் கழற்றிச் சில்லைச் சுற்றுங்கள். கீழே பல்சக்கரம் கேபிள் பூட்டும் இடத்தில் சுழலாவிட்டால் பழுது சில்லுப் பக்கம். அது சுழன்றால் கேபிளைத் திரும்பப் பூட்டி, மேல் நுனியைக் கழற்றிச் சில்லைச் சுற்றுங்கள். அங்கே கம்பி சுழலாவிட்டால் கேபிள் அறுந்துவிட்டது. சுழன்றும் முள் அசையாவிட்டால் பழுது மீற்றரில்.

பஞ்சர் ஒட்டிய பிறகு மீற்றர் நின்றால் புதுப் பாகம் வாங்க ஓடாதீர்கள். சில்லைத் திரும்பப் பூட்டும்போது, மீற்றர் பல்சக்கரப் பெட்டியின் நாக்கு ஹப்பின் வெட்டில் உட்காராமல் விட்டிருக்கலாம். அச்சைத் தளர்த்தி, நாக்கைச் சரியாக உட்காரவைத்து இறுக்கினால் போதும். உட்காராமலே இறுக்கி ஓடினால்தான் அது நசிந்து உடையும்.

சென்சர் வகையில் ஆயுதம் இல்லாமலே மூன்று விடயங்களைப் பார்க்கலாம்:

– மீற்றரில் எதுவுமே எரியாவிட்டால் சென்சர் அல்ல, பியூஸையும் மின்வழங்கலையும் பாருங்கள்.
– வேகமும் தூரமும் இரண்டும் நின்றிருந்தால் சென்சர், அதன் வயர் அல்லது கனெக்ரர். தூரம் ஏறி வேகம் மட்டும் காட்டாவிட்டால் மீற்றர்.
– முன் சில்லைத் தூக்கி வைத்து, ஒருவர் அதைச் சுற்ற மற்றவர் ஹாண்டிலை இரு பக்கமும் திருப்ப வேண்டும். வேகம் வந்து வந்து போனால் வயர் கழுத்துப் பகுதியில் அறுந்திருக்கிறது. ஆயிரக்கணக்கான தடவை மடிபடும் இடம் அது.

அடுத்தது சுத்தம். பிரேக் தூசியும் இரும்புத் துகளும் செம்மண்ணும் சென்சரின் முகத்தில் ஒட்டும். துணியால் துடையுங்கள். கனெக்ரரைக் கழற்றி, பச்சை பிடித்த பின்களைச் சுத்தம் செய்து காயவிட்டுப் பூட்டுங்கள்.

அதற்கும் சரிவராவிட்டால் மல்ரிமீற்றர். இந்த வகைச் சென்சர்களில் பொதுவாக மூன்று வயர்கள்: மின்வழங்கல், எர்த், சமிக்ஞை. நிறம் மொடலுக்கு மொடல் மாறும், நிறத்தை நம்ப வேண்டாம். கனெக்ரர் பூட்டியபடி, சாவியைப் போட்டு, பின்பக்கத்தால் அளவிடுங்கள். வழங்கல் வயரில் மொடலைப் பொறுத்து 5 அல்லது 12 வோல்ற் அளவு வரவேண்டும். சில்லை மிக மெதுவாகக் கையால் சுற்றும்போது சமிக்ஞை வயரில் அளவு ஏறி இறங்கவேண்டும். வழங்கல் வராவிட்டால் வயரைத் தேடுங்கள். வழங்கலும் எர்த்தும் சரியாக இருந்து சமிக்ஞை அசையாவிட்டால்தான் சென்சருக்குக் காசு கொடுக்கவேண்டும்.

அறுந்த வயரை முறுக்கி ரேப் சுற்றுவது அடுத்த மாரி வரைக்கும்தான். ஈயம் வைத்து ஒட்டி, சூட்டில் சுருங்கும் ரியூப் போடுங்கள். கழுத்துப் பகுதியில் கொஞ்சம் தளர்வு விட்டுக் கட்டுங்கள்.

கராஜுக்குப் போகவேண்டிய நேரம்

ஏ.பி.எஸ். பிரேக் உள்ள வண்டிகளில் சில்லுச் சென்சர் பிரேக்கோடும் தொடர்புடையது. அதைத் தெரிந்தவரிடமே விடுங்கள். பியூஸ் மீண்டும் மீண்டும் எரிந்தால் பெரிய பியூஸ் போட்டுத் தப்பிக்க வேண்டாம், எங்கோ வயர் ஒட்டியிருக்கிறது.

கராஜுக்குப் போகும்போது பழுதை விபரமாகச் சொல்லுங்கள்: ‘மழையில் மட்டும் நிற்குது’, ‘கப்பை அளந்தேன், சரியாக இருக்குது’, ‘ஹாண்டில் திருப்பினால் மீற்றர் வருது’. அப்படிச் சொல்பவரிடம் ஊகத்தில் பாகம் மாற்றுவது கடினம். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். முக்கியமாகப் பெண்களுக்கு இதைச் சொல்கிறேன். தனியாகக் கராஜுக்குப் போகும் பெண்ணிடம் கணக்குக் கூடுகிறது என்ற முறைப்பாட்டை நான் அடிக்கடி கேட்கிறேன்.

சீற்றுக்குக் கீழே ஒரு பிளக் ஸ்பனர், ஒரு மேலதிக பிளக், ஒரு மின்தடைக் கப், சிறு குறடு, ஸ்குரூ டிரைவர், உலர்ந்த துணி ஆகியவற்றை ஒரு பொலித்தீன் பையில் சுற்றி வைத்திருங்கள். மாரிமழை தொடங்குவதற்கு முன்னர் ஒரு பின்னேரம் ஒதுக்கி வயரின் நுனியைப் பார்த்துவிடுங்கள்.